எங்கள் குளியலறைக் கூரை பாடியது

ஜனவரி 4, சனி

நகைக்கடையில் கொடுத்த டைரி. முதல் நாலைந்து பக்கம் வளையல் படம்தான். ஷெர்லின் கொண்டுவந்து நீட்டி, என் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்க ஆச்சி, பேசுறதில் பாதியை இதில் எழுதுங்க என்றாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. கையெழுத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஷெர்லின் என் மகள் கிரேஸ் பெற்ற பிள்ளை. கிரேஸ் ஓமனில் நர்ஸ், மருமகனும் அங்கேதான். பிள்ளை என்னோடு இருந்துதான் காலேஜ் முடித்தாள். இப்போது ஊர்க் கேபிள் டிவியில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு ‘கேட்டீங்களா சேதி’ நடத்துகிறாள். ஊர்ச் சேதி கொஞ்சம், சினிமாச் சேதி கொஞ்சம், அறிவியல் அதிசயம் கொஞ்சம். எழுதுவதும் அவளே, வாசிப்பதும் அவளே. நான் மீன் வாங்கப் போகிற இடத்தில் இதை யாரிடமும் சொல்வதில்லை. அவர்களாகக் கேட்டால்தான் சொல்வேன். கேட்கிற மாதிரி நின்றால் கேட்டுவிடுகிறார்கள்.

இன்றைக்கு மூன்று சேதி. ஒரு வீட்டில் கோழி முட்டையை உடைத்தால் உள்ளே இன்னொரு முட்டை. நடிகர் வெற்றிமதி புதுப் படத்துக்காக மீசையை எடுத்துவிட்டார். நம்ம ஊர் ரசிகர் மன்றத்தில் பாதிப் பேர் எடுத்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. மூன்றாவது, கணவாய்க்கு மூன்று இதயமாம். காலையிலேயே ஷெர்லின் இதைச் சொல்லியிருந்ததால் மீன்காரி செபத்தியிடம் கேட்டேன். ஒண்ணை வச்சுக்கிட்டே நான் படுற பாடு போதும், அது மூணை வச்சு என்ன செய்யுது என்றாள். ஷெர்லின் இதையும் டிவியில் சொல்லிவிட்டாள். செபத்தி இனி எனக்கு நல்ல மீனாகப் பார்த்துக் கொடுப்பாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஷெர்லின் போனில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, வெங்காயம் அங்கேதான் இருந்தது. கேபிள் டிவி முதலாளி கனிராஜ் அண்ணாச்சி, விளம்பரம் ஒன்றும் வரவில்லை, பிப்ரவரியோடு இந்த நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் பாட்டுப் போடலாம் என்கிறாராம். நிறுத்தினால் ஓமனுக்கு வந்துவிடு, விசாவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று கிரேஸ் சொல்கிறாள்.

போனால் போகட்டும். அங்கே ஏசி எல்லாம் இருக்கிறது.


ஜனவரி 7, செவ்வாய்

காலையில் துணி காயப் போடும்போது யாரோ பாடினார்கள். ஆளைக் காணோம்.


ஜனவரி 9, வியாழன்

இன்றைக்கும் பாடியது. பாட்டு மட்டுமில்லை, நிலக்கடலைக்கு எப்போது ஜிப்சம் போட வேண்டும் என்று ஒரு ஆம்பிளை பேசினார். நான் கடலை போடவில்லை, ஆனாலும் நின்று கேட்டேன்.

முதலில் பக்கத்து வீட்டு எஸ்தர் மதினியின் ரேடியோ என்று நினைத்தேன். மதினி என் அண்ணன் பெண்டாட்டி. அவள் வீட்டு ரேடியோ புயலோடு போனதுதான், இப்போது அதன் மேல் பூச்சாடி இருக்கிறது. அப்புறம் போன் என்று நினைத்தேன். என் போன் அரிசிப் பானை மேல் இருந்தது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் குளியலறை. அதற்குத் தகரக் கூரை. கூரை ஓரத்தில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியிலிருந்து கொல்லைக் கடைசியில் நட்ட இரும்புத் தூண் வரைக்கும் நீளமாகக் கொடிக்கம்பி. ஷெர்லினின் தாத்தா உப்பளத்து லாரி ஓட்டின காலத்தில் கொண்டுவந்து கட்டியது. கடல் காற்றில் கம்பியும் கொக்கியும் துருப் பிடித்து, வெள்ளைத் துணி போட்டால் கோடு விழும். கம்பியை மாற்றச் சொல்லிச் சொல்லியே அவிய போய்ச் சேர்ந்துட்டாவ.

சத்தம் அந்தக் கூரையிலிருந்துதான் வருகிறது. நான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கம்பியைப் பிடித்தால் பாட்டு நின்றது, விட்டால் வந்தது. ஈரப் போர்வையைப் போட்டால் நின்றது, எடுத்தால் வந்தது. தகரத்தில் கையை வைத்தால் கையில் குறுகுறுவென்று இருந்தது. மத்தியானம் ஒன்றும் இல்லை, சாயங்காலம் மறுபடியும். காதுக்கு மருந்து விட்டும் பார்த்துவிட்டேன், அப்போதும் பாடியது. ஆக, கோளாறு என்னிடம் இல்லை.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வயதில் கூரை பாடுகிறது என்று சொன்னால் அடுத்த பிளைட்டில் கிரேஸ் வந்து டாக்டரிடம் கூட்டிப் போவாள்.


ஜனவரி 12, ஞாயிறு

இனி சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். முன்னறையில் இடம் போதாமல் கொல்லையில் பாய் விரித்தோம். எங்கள் சர்ச் போதகர் ஐயர் கண்ணை மூடி, தெருவிலுள்ள நோயாளிகள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார். நடுவில் கூரை, வெற்றிமதி படத்துக் குத்துப் பாட்டை எடுத்துவிட்டது. நல்ல தெளிவாக. ஐயர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

எஸ்தர் மதினி எழுந்துவிட்டாள். இது பிசாசின் வேலை, தகரத்தை எண்ணெய் பூசி ஜெபித்துப் பிரிக்க வேண்டும் என்றாள். ஐயருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பிசாசுன்னா நிலைய அறிவிப்பு சொல்லாதும்மா, இது ரேடியோ" என்றார். அப்போது கூரை நேரமும் சொன்னது. ஐயர் கையைத் திருப்பிப் பார்த்து, என் வாட்ச்தான் ஸ்லோ என்றார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் உப்பளம். அதற்கும் அப்பால் ரேடியோ நிலையத்து டவர். ராத்திரியில் சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரேடியோ பாட்டு டவரிலிருந்து கிளம்பி ரேடியோவுக்குப் போகாமல் எங்கள் குளியலறைக்கு ஏன் வருகிறது?

ஷெர்லின் தகரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எட்டு வயதில் நண்டு வளையைப் பார்க்கிறபோது இருந்த முகம். கூட்டம் கலைந்த பிறகும் நகரவில்லை.


ஜனவரி 18, சனி

டிவியில் வந்துவிட்டது. ‘பாடும் தகரம்’ என்று தலைப்பு. ஷெர்லின் போனில் பிடித்த பாட்டும், நான் போர்வையைப் போட்டு நிறுத்திக் காட்டுவதும். மற்ற சேதி, மரம் உலகத்தில் முளைப்பதற்கு முன்பே கடலில் சுறா இருந்ததாம். சுறாப்புட்டுக்கு உதிர்த்துக்கொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது. எவ்வளவு பழைய ஆள்.

நிகழ்ச்சி முடியும் முன்பே தெரு நிறைந்துவிட்டது.


ஜனவரி 21, செவ்வாய்

காலையில் வாசல் தெளிக்க இடமில்லை. வெற்றிமதி ரசிகர் மன்றத்தினர் மீசையில்லாமல் வந்து கூரைக்கு மாலை போட்டார்கள். தங்கள் தலைவர் பாட்டு வரும் வரை போகமாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். ரேடியோவில் இன்றைக்குக் கர்நாடக சங்கீதம். பொறுமையாகக் கேட்டார்கள் பாவம், ஒருத்தர் தாளம் கூடப் போட்டார்.

ஒரு அம்மா வந்து, மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கூரையிடம் கேட்கச் சொன்னாள். இது வாய் மட்டும்தான் அம்மா, காது கிடையாது என்றேன்.

கனிராஜ் அண்ணாச்சியே வந்தார். மிக்சர் கடை, திருமண மண்டபம், பல் டாக்டர் என்று வரிசையாக விளம்பரம் கேட்கிறார்களாம். அதைவிடப் பெரிய சேதி, சென்னையிலிருந்து பெரிய சேனல் ஒன்று படம் எடுக்க வருகிறது, அடுத்த புதன்கிழமை. அது நல்லபடியாக நடந்தால் ‘கேட்டீங்களா சேதி’யை யாரும் அசைக்க முடியாது, பாப்பாவுக்கு வேலை நிரந்தரம் என்றார்.

கிரேஸ் கூப்பிட்டாள். அப்போ விசா வேண்டாமா என்றாள். அதை உன் மகளிடம் கேள், எனக்கென்ன என்றேன். சந்தோஷத்தில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.


ஜனவரி 27, திங்கள்

ஷெர்லின் காலையில் போனவள் இரவுதான் வருவாள், சென்னைக்காரர்களுக்கு ரூம் பார்க்க வேண்டுமாம். நல்லது. வீட்டில் ஆள் இல்லாத நாளில்தான் வேலை ஓடும்.

முந்திரிக்கொத்து செய்தேன். பாசிப்பயறை வறுத்துத் திரித்து, பாகு பதம் பார்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தேன். எஸ்தர் மதினி பாகு கொஞ்சம் முறுகிவிட்டது என்றாள். தின்றுகொண்டேதான் சொன்னாள்.

அப்புறம் கொல்லையைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "புஷ்பம், தமிழ்நாடு பூரா பாக்கப் போகுது. இந்தத் துருப் பிடிச்ச கம்பியையா காட்டப் போற?"

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு முன்பே வாங்கி வைத்திருந்தேன். சுவருக்கு அடித்தேன். பழம்புளியை ஊற வைத்து, தேங்காய் நார் கொண்டு கொக்கியையும் கம்பி முடிச்சையும் தேய்த்தேன், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி. செக்கச் செவேல் என்று தண்ணீர் ஓடியது. துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசி, மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட்டுச் சாயங்காலம் வெள்ளிப் பெயிண்டும் அடித்தேன். தூணுக்கும் அடித்தேன். பெயிண்ட் மிச்சமிருந்தது, குளியலறைத் தாழ்ப்பாளுக்கும் அடித்தேன். வெயிலில் பளபள என்று கண் கூசியது. கல்யாண வீடு தோற்றது.

இனி யாரும் வரட்டும்.


ஜனவரி 29, புதன்

வந்தார்கள். பெரிய வேன், குடை மாதிரி விளக்கு, மைக்கில் நாய்க்குட்டி மயிர் போல உறை. பேசுகிறவர் சிவப்புச் சட்டை போட்ட பையன், தலையில் அவ்வளவு எண்ணெய், ஆனால் எண்ணெய் இல்லையாம், ஜெல்லாம்.

கூரை பாடவில்லை.

நேற்று ஆளாளுக்கு வேலையாக ஓடியதில் அது பாடுகிறதா என்று யாரும் காது கொடுக்கவில்லை. காலை எட்டுக்குக் காத்திருந்தார்கள். ஒன்பதுக்கும் காத்திருந்தார்கள். ஷெர்லின் கம்பியை இழுத்துப் பார்த்தாள், தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கடையில் ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் தகரம் தகரமாக இருந்தது. தெரு முழுக்க நின்று தகரத்தையே பார்த்தது. ரசிகர் மன்றத்தில் ஒருவர், வெட்கப்படுதோ என்னவோ என்றார்.

பத்தரைக்கு வேனில் சாமானை ஏற்றினார்கள். சிவப்புச் சட்டைக்காரர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "கூரை பாடலை. ஆனா பாட்டியோட ஸ்வீட் பிரமாதம்" என்றார். அதைத்தான் இரவு போட்டார்கள். எங்கோ போனை ஒளித்து வைத்துப் பாட வைத்திருப்பார்கள் என்று வேறொரு பையன் போனில் வந்த அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தான். அதை ஆயிரம் பேர் சரி என்றிருந்தார்கள்.

ஷெர்லின் சாப்பிடவில்லை. முந்திரிக்கொத்து டப்பாவை நான் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.


ஜனவரி 30, வியாழன்

துணி துவைக்கவில்லை.


பிப்ரவரி 1, சனி

ஆறரைக்கு டிவியில் பாட்டுப் போட்டார்கள்.

கனிராஜ் அண்ணாச்சி நல்ல மனிதர்தான். ஆனால் மிக்சர் கடைக்காரர் விளம்பரத்தைத் திருப்பிக்கொண்டாராம். வீட்டுக்கே வந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் சொன்னார்: "பாப்பா, அடுத்த சனிக்கிழமை நேரலையில நீ வரணும். ஒண்ணு கூரை பாடணும். இல்லைன்னா தப்பா சொல்லிட்டேன்னு ஊர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அதோட நிகழ்ச்சியை முடிச்சுக்கிடுவோம்."

அவர் போன பிறகு ஷெர்லின் என்னிடம், "நீங்க கேட்டீங்கதானே ஆச்சி?" என்றாள். கேட்டேன் என்றேன். அப்போ நான் பொய் சொல்லலை என்றாள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

கிரேஸ் விசாவுக்குப் போட்டோ கேட்டிருக்கிறாள். வெள்ளைப் பின்னணியில் எடுக்க வேண்டுமாம். நான் வெள்ளையடித்த சுவர் இருக்கிறது, அங்கே நின்று எடுத்துக்கொள்ளலாம்.


பிப்ரவரி 4, செவ்வாய்

ஷெர்லின் டவருக்குப் போய்விட்டு வந்தாள். நேரே ரேடியோ நிலையத்து வாசலில் போய் நின்று, என்ஜினியர் யார் என்று கேட்டிருக்கிறாள். கோமதி மேடம் என்று ஒருத்தர். அவருக்கு ஆச்சரியமே இல்லையாம், இந்த மாதிரி வேலியும் அடுப்பும் பாடினதாக வெளிநாடுகளில் எழுதி வைத்திருக்கிறார்களாம், நம்ம பக்கம் ஒன்று கிடைத்ததே என்று டீ வாங்கிக் கொடுத்தாராம்.

ஷெர்லின் சாப்பிட உட்கார்ந்து விளக்கினாள். தட்டில் சோற்றை டவர் ஆக்கி, முருங்கைக்காயைக் கம்பி ஆக்கி. டவருக்குப் பக்கத்தில் ரேடியோ அலை அத்தனை பலமாக இருக்கும். நீளமான கம்பி அதைப் பிடித்துக்கொள்ளும். தகரம் அதிர்ந்து ஸ்பீக்கர் மாதிரிச் சத்தம் போடும். ஆனால் நடுவில் ஒன்று வேண்டும். அலைக்குள் இருக்கிற பாட்டைப் பிரித்தெடுக்க, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போக விடுகிற ஒரு பொருள். ரேடியோப் பெட்டிக்குள் அதற்கென்று ஒரு சின்னச் சாமான் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தது, கொக்கியும் கம்பியும் சேருகிற இடத்தில் இருந்த துரு.

துருவா என்றேன். துருதான் என்றாள்.

துரு இப்படி ஒரு உத்தியோகம் பார்க்கிறது என்று அஞ்சாம் வகுப்பில் சொல்லித் தரவில்லை. அதைத் துணியின் விரோதி என்றுதான் எனக்குத் தெரியும்.

அப்போ ஏன் நின்றுபோச்சு என்று கோமதி மேடம் கேட்டாராம். தெரியவில்லை என்று ஷெர்லின் சொல்லிவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, முருங்கைக்காயைப் பார்த்தாள்.

ரசத்துக்குப் புளி கரைக்க மறந்துவிட்டேன். புளியைப் பார்க்கவே பிடிக்கவில்லை இன்றைக்கு.


பிப்ரவரி 5, புதன்

ஷெர்லின் வேலைக்குப் போன பிறகு கொல்லையைச் சுத்தம் செய்தேன். கொக்கியில் பெயிண்ட் கொஞ்சம் உரிந்திருந்தது, மீதியையும் அரிவாள்மனையால் சுரண்டிவிட்டேன். உரிந்தது உரிந்ததாக இருந்தால் அசிங்கம்.

மீன் கழுவின உப்புத் தண்ணீர் இருந்தது. வாய்க்காலில் ஊற்றினால் ஈ வரும் என்று கொக்கி மேல் ஊற்றினேன்.


பிப்ரவரி 6, வியாழன்

உப்பளத்தில் தொட்டித் தண்ணீர் ஒரு குடம் கேட்டு வாங்கி வந்தேன். கால் வலிக்கு ஒத்தடம் கொடுக்க நல்லது. கால் வலி இன்றைக்கு இல்லை. தண்ணீர் வீணாகக்கூடாது என்று கம்பிக்கு விட்டேன்.

எஸ்தர் மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, கம்பிக்கா தண்ணி ஊத்துற, முளைக்கவா போகுது என்றாள். உன் பூச்சாடி ரேடியோ முளைக்கும்போது இதுவும் முளைக்கும் என்றேன்.


பிப்ரவரி 7, வெள்ளி

கொக்கியில் சிவப்பு வந்திருக்கிறது. விரலில் ஒட்டுகிறது. காலையில் காதை வைத்தேன், இல்லை. சாயங்காலம் வைத்தேன், உஸ் என்று ஏதோ இருந்தது, கடல் காற்றாகவும் இருக்கலாம்.

ஷெர்லின் தன் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறாள். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.


பிப்ரவரி 8, சனி

எழுத நேரம் ஆகிவிட்டது, ஆனால் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கே கேமராமேன் வந்துவிட்டார். கனிராஜ் அண்ணாச்சி கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்தர் மதினி, தெருவில் பாதிப் பேர். நேரலையில் ஆட்கள் போன் செய்தும் பேசலாம்.

ஆறு இருபதுக்குக் கடை ரேடியோ பாடியது. எங்கள் கூரை பாடவில்லை.

ஷெர்லின் மைக்கை எடுத்தாள். கோமதி மேடம் சொன்னதெல்லாம் சொன்னாள், டவர், கம்பி, தகரம், துரு. எனக்கு வீட்டில் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். துரு இருந்தால் பாடும், துரு போய்விட்டால் பாடாது, இப்போது துரு போய்விட்டது என்றாள். எப்படிப் போனது என்று அவள் சொல்லவில்லை. அப்புறம், "அதனால உங்க எல்லார்கிட்டயும் நான் மன்னிப்பு..." என்று தொடங்கினாள்.

நான் சமையலறையில்தான் இருந்தேன். கையில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை, அப்படியே போய்விட்டேன். கேமரா முன்னால் போய் நின்றதும்தான் தெரிந்தது, கையில் புளி உருண்டையும் தேங்காய் நாரும்.

"அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? கூரை பாடிச்சு, ஊரே கேட்டுச்சு. மெட்ராஸ்ல இருந்து ஆளு வாராவன்னு நாந்தான் புளியப் போட்டுத் தேச்சேன். எண்ணெயும் பூசினேன். வெள்ளிப் பெயிண்டும் அடிச்சேன். பளபளன்னு இருந்துச்சு. பாட்டு போயிட்டு."

கேமரா ஆடியது, கேமராமேன் சிரிப்பை அடக்குகிறார் என்று பின்னால்தான் புரிந்தது. ஷெர்லின் என் பக்கம் திரும்பினாள். மைக் அவள் கையில் இருந்ததை மறந்துவிட்டாள்.

"தெரியும் ஆச்சி. அன்னைக்கே பெயிண்டு என் கையில ஒட்டிச்சு."

"பெறவு ஏம்ட்டி சொல்லலை?"

"நீங்க அம்புட்டு ஆசையாத் தேச்சிருக்கீங்க, எப்படிச் சொல்ல."

அப்போது போன் அடித்தது. முதல் போன் யாரோ ஒரு பெண். தன்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அம்மாவின் பழைய தோசைக்கல்லைச் சோப்புத்தூள் போட்டு வெள்ளையாகத் தேய்த்தாளாம், அன்றைக்கு ஒரு தோசையும் எழும்பவில்லை, மாப்பிள்ளை வீட்டாருக்கு உப்புமா. கல்யாணம் நடந்ததா என்று ஷெர்லின் கேட்டாள். நடந்தது, அவருக்கு இன்றைக்கும் உப்புமாதான் பிடிக்கும் என்றாள்.

அடுத்து ஒரு வாத்தியார். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று பள்ளிக்கூட உலக உருண்டையை ஈரத்துணியால் துடைத்ததில் ஆப்பிரிக்கா போய்விட்டதாம். அடுத்து ஒருவர், மச்சான் வெளிநாட்டிலிருந்து வருகிறான் என்று மீன் தொட்டியைத் துலக்கிப் புதுத் தண்ணீர் மாற்றி, மீன் எல்லாம் மிதந்ததை எண்ணி எண்ணிச் சொன்னார். போன் நிற்கவில்லை. ஏழு மணிக்கு முடிய வேண்டியது எட்டுக்கும் முடியவில்லை. இந்த ஊரில் விருந்தாளிக்காகத் தேய்த்துக் கெடுக்காத வீடே கிடையாது போல.

எஸ்தர் மதினி சுவருக்கு மேலே தலையை நீட்டி, அந்தக் கம்பியைக் காட்டப் போறியான்னு நாந்தான் கேட்டேன், அதையும் போடுங்க என்றாள். பெயர் வர வேண்டுமே அவளுக்கு.

கனிராஜ் அண்ணாச்சி காப்பியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்திரிக்கொத்து மிச்சம் இருக்கா என்று கேட்டார்.


பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனையில் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் பிரசங்கத்தில் சுத்தத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அளவாக என்று சேர்த்துக்கொண்டார்.

மிக்சர் கடைக்காரர் திரும்பி வந்துவிட்டாராம். வாராவாரம் ‘தேய்ச்சுக் கெடுத்தோம்’ என்று ஒரு பகுதி வைக்கப் போகிறார்கள். நிகழ்ச்சி நிற்காது என்று கனிராஜ் அண்ணாச்சி போனில் சொன்னார். ஷெர்லினிடம் சொல்லும் முன்பு என்னிடம் சொன்னார் என்பதை எழுதி வைக்கிறேன்.

கிரேஸுக்கும் வீடியோ போயிருக்கிறது. அங்கே நர்ஸுகள் எல்லாரும் பார்த்தார்களாம். நீங்க போட்டிருந்த சேலை பழசு அம்மா என்றாள். பிறகு, அப்போ அந்தப் போட்டோ வேண்டாம் என்றாள். சரி என்றேன்.

பெட்டியைப் பரணில் ஏற்றச் சொன்னேன். கீழே கிடந்தால் இடறுது.


பிப்ரவரி 13, வியாழன்

காலையில் ஷெர்லினின் வெள்ளைத் துப்பட்டாவைத் துவைத்துக் கொடியில் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன். நடுவில் நல்ல செவப்புக் கோடு. ஏட்டி, கோடு விழுந்துட்டு, வேறு துவைத்துத் தாரேன் என்றேன். அவள் வாங்கி அப்படியே தோளில் போட்டுக்கொண்டாள். சனிக்கிழமை இதைப் போட்டுக்கொண்டுதான் டிவியில் வரப் போகிறாளாம்.

அவள் போன பிறகு மற்றத் துணியைப் போடலாம் என்று கையை உயர்த்தினேன். உஸ் என்றது. அப்புறம் கரகர என்றது. தொண்டை கட்டின மனிதர் பேசுகிற மாதிரி, பிறகு தெளிவாக.

எஸ்தர் மதினியைக் கூப்பிடவில்லை. வாளியைக் கீழே வைத்தேன், சத்தம் வராமல். கம்பியில் ஒரு துணியும் போடவில்லை. தகரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு இல்லை. மீனவர்களுக்கான வானிலை அறிக்கை. கடல் காற்று இன்னும் இரண்டு நாளைக்குப் பலமாக வீசும் என்று கூரை சொன்னது.

வீசட்டும். நல்லாத் துருப் பிடிக்கும்.